லண்டனில் இறங்கி லண்டனில் ஏறுதல்

நம்மில் வயது முதிர்ந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயிலிருந்து ஊருக்குப் புறப்பட்டால் மெயில் வண்டி மதராஸ் சென்ட்ரலில் கொண்டுபோய் இறக்கிவிடும். திருச்சிக்கோ மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியவர்கள் எழும்பூருக்குச் சென்று வேறு வண்டி பிடிக்க வேண்டும். அகல ரயில் பாதை ஓரிடத்தில் முடிந்தது. மீட்டர் பாதை மற்றோரிடத்தில் தொடங்கிற்று. இடையே இரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும், ட்ரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும் கூஜாவும் தோளில் உறங்கும் குழந்தையுமாய் ஜட்காக்காரனோடு பேரம் பேசிக் கடந்த அந்த இரண்டு கிலோமீட்டர், அதற்கு முன் ரயிலில் கடந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைக் காட்டிலும் நெடியதாகவே நமக்குத் தோன்றியது. சென்ட்ரலுக்கு மெயில் தாமதமாக வந்தால் எழும்பூரில் ஒருவரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளிக்குப் பொறுப்பாளி நாமேதான்.

அந்தச் சென்ட்ரலும் எழும்பூரும் இப்போது ஆகாய மார்க்கத்துக்குக் குடியேறிவிட்டன. நம் பிள்ளைகள் உலகமெங்கும் உத்தியோகம் பார்க்கிறார்கள். நாம் அவர்களைக் காணப் போகிறோம். ஒரே நகரத்தில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொரு விமான நிலையத்தில் ஏறும்படியான டிக்கெட்டுகளை, விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக, அவர்களும் வாங்குகிறார்கள், நாமும் சம்மதிக்கிறோம். நாங்கள் இருவரும் அவ்வாறு சம்மதித்து ஒரு நாளை இழந்தவர்கள். அந்த அநுபவம் நமது சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக் கூடும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

எங்கள் பெண் அயர்லாந்துத் தீவின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் வேலையாக இருக்கிறாள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தது. மும்பையிலிருந்து லண்டன் ஹீத்ரோ வரை ஒரு கம்பெனியின் விமானம். அங்கிருந்து காட்விக் சென்று, பெல்பாஸ்ட் வரை வேறொரு சிக்கன கம்பெனியின் விமானம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு இறங்கி, பகல் 12-35-க்கு ஏற வேண்டும். இடையே ஐந்தரை மணி நேரம். "லண்டன்லேயே இறங்கி லண்டன்லேயே ஏறப் போறேள். இதிலே என்ன கஷ்டம், அப்பா?" என்றாள் பெண். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவள் மீது பிழையில்லை. டிக்கெட் விற்கும் உலகத்தின் ஏற்பாடு அப்படி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று எழுத்துக் குறி ஒன்று உண்டு. பல நிலையங்களுள்ள நகரத்துக்கோ அவை அனைத்தையும் சேர்த்துப் பொதுவான குறி வேறொன்றும் உண்டு. லண்டனுக்கு எல்.ஓ.என். என்று தேடினால் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூடன், சிட்டி, சவுத்எண்ட் ஆகிய ஆறும் ஒரு குடைக்கீழ் வந்து நிற்கும். இவற்றில் காட்விக் லண்டன் மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. அது தெற்கே ஸஸெக்ஸ் பகுதியில் இருக்கிறது. ஹீத்ரோவோ நகரத்தின் மேற்கு ஓரம். சாலை வழியே இரண்டுக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர். சென்னையில் இறங்கியவரைச் செங்கற்பட்டுக்கும் அப்பால் போய் அடுத்த வண்டியில் ஏறச் சொல்வதற்கு ஒப்பாகும் இது.

அன்று நடந்ததை மணிக்கணக்கோடு சொல்கிறோம். ஹீத்ரோவின் மேலே விமானங்கள் இறங்குவதற்கு முறை பார்த்து வானத்தில் வட்டமிடுவது வாடிக்கை. அதற்கென்றே நகரைச் சுற்றி நான்கு இடங்கள் வகுத்திருக்கிறார்கள். புறப்பட்டதிலும் தாமதம், வட்டமிட்டதிலும் தாமதம். சக்கரம் தரையைத் தொட்டபோது 8-10. அடுத்து பாஸ்போர்ட் பரிசோதனை. சில நாடுகளின் பிரஜைகள் தாமே இயந்திரக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. அதிகாரியின் முன் வரிசையில் நின்று நாங்கள் வெளியேறியபோது 9-20. பிறகு பெட்டிகள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரே நிலையத்துக்குள் விமானம் மாறுகிறவர்களின் பெட்டிகள், ஒரே டிக்கெட்டாக இருந்தால், பெரும்பாலும் தாமே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். நிலையம் மாறுகிறவரோ அந்த நாட்டின் எல்லையைச் சட்டப்படி தாண்டியே தீர வேண்டும். பெட்டியைத் தாமே எடுக்க வேண்டும். சுங்கத்தைக் கடக்க வேண்டும். நாங்கள் பிரிட்டனுக்கே விருந்தினராகப் போனவர்கள். ஆதலால் விஸா கையில் இருந்தது. லண்டன் வழியாக வேறு நாட்டுக்குச் செல்லும் தமிழன்பர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். விமான நிலையத்தின் உள்ளேயே இருந்து மாறுவதற்கான விஸா ஒரு வகை. எல்லையைக் கடந்து வெளியே வந்து, 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுச் செல்வதற்கான விஸா வேறு வகை. ஹீத்ரோவிலிருந்து காட்விக் போகிறவருக்கு முதல் வகை உதவாது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நலம். கட்டிய பிறகு பார்ப்பவர்களையும் நாம் அறிவோம். நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களை இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோக அநுமதி இல்லை. லண்டனை வெறுமனே கடந்து போகிறவரும் நிலையம் மாறினால் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரே. எங்கள் வீட்டு நெய் டப்பா மாட்டுங்காவிலேயே தங்கிவிட்டது என்பதை இங்கே வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிற்குமிடத்தை அடைந்தபோது 10 மணியாகிவிட்டது. அப்போதே ஒரு பஸ் புறப்பட்டுப் போயிற்று. அடுத்தது 10-35. நடுவே ரயிலையும் யோசித்தோம். ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் வழித்தட ரயிலில் பாரிங்டன் நிலையம் வரை சென்று, அங்கே மாறி, காட்விக்குக்கு நேரே போகும் வண்டி பிடிக்கலாம். 2022-இல் திறக்கப்பட்ட அந்த வழித்தடம், பழைய பிக்கடில்லி சுரங்க ரயிலோடு ஒப்பிட்டால், மூட்டையோடு போகிறவர்களுக்கு எவ்வளவோ தேவலை என்று எங்கள் மாப்பிள்ளை பின்னால் சொன்னார். சாலை நெரிசல் அதற்கு இல்லை என்பது உண்மை. ஆனால் இரவு முழுதும் உறங்காத இரண்டு பேர், நான்கு பெட்டிகளோடு, தெரியாத ஊரில், நகரத்தின் நடுவே ரயில் மாறத் துணியவில்லை. பஸ்ஸில் ஏறி அமர்ந்தோம்.

லண்டனைச் சுற்றி எம்-25 என்னும் வட்டச் சாலை ஓடுகிறது. அதன் நீளம் 188 கிலோமீட்டர். இலேசான நாளில் இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அன்றைக்கு எங்கேயோ முன்னால் ஒரு விபத்து. மூன்று வரிசை மோட்டார்களும் கல்லாய்ச் சமைந்து நின்றன. ஓட்டுநர் மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த மன்னிப்பைக் கேட்டு என்ன செய்வது? என் மனைவி கைப்பையைத் திறந்து, மாட்டுங்கா கடைத்தெருவில் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்கள் உடையாமல் இருக்கின்றனவா என்று மூன்றாம் முறையாகப் பார்த்தாள்.

காட்விக்கில் இறங்கியபோது 12 மணி. நாங்கள் இறங்கியது தெற்கு முனையம். ஏற வேண்டியது வடக்கு முனையம். இரண்டுக்கும் இடையே கட்டணமில்லாத சிறிய ரயில் ஓடுகிறது, சில நிமிஷந்தான். ஆனால் பெட்டி வாங்கும் ஜன்னலை, விமானம் புறப்படுவதற்கு நாற்பது நிமிஷம் முன்பே, 11-55-க்கே மூடிவிட்டார்கள். விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. எங்களுக்கு அது புறப்பட்டுவிட்ட விமானந்தான்.

இதன் பிறகு நிகழ்ந்த சம்பாஷணைதான் இந்தக் கட்டுரையின் சாரம். இரண்டாவது கம்பெனியின் பெண்மணி, "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை; டிக்கெட் முடிந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும்" என்றாள். முதல் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினோம். "உங்களை ஹீத்ரோவில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டோம், சேர்த்துவிட்டோம். அதற்கப்பால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது எங்கள் ஏட்டில் இல்லை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரியே. யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இரு டிக்கெட்டுகளுக்கும் நடுவே இருந்த 65 கிலோமீட்டரில் எங்களைத் தவிர வேறு உரிமையாளர் எவரும் இல்லை. ஒரே பதிவாக, ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதித்ததற்காக அடுத்த விமானத்தில் இடம் கொடுத்து அனுப்ப வேண்டிய கடமை அவர்களைச் சேர்ந்திருக்கும். ஹீத்ரோவிலிருந்தே பெல்பாஸ்டுக்கு விமானமும் உண்டு. அவ்வாறு வாங்கியிருந்தால் ஆன விலை வித்தியாசம், இருவருக்கும் சேர்த்து, சுமார் 11,000 ரூபாய். அதைத்தான் மிச்சம் பிடித்தோம்.

அன்று மாலை விமானங்களில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை விமானத்துக்குப் புதிய டிக்கெட்டும், கூடுதல் பெட்டிகளுக்குத் தனிக் கூலியும், நிலையத்தின் அருகே ஓர் அறைக்கு வாடகையுமாய் 38,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது. முதல் கம்பெனி ஆளுக்கு இரண்டு பெட்டி அநுமதித்தது. அடுத்தது ஆளுக்கு ஒன்றுதான் என்பதையும் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தோம். பணம் போகட்டும். நல்ல நேரம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. நாங்கள் பெல்பாஸ்டில் இறங்கியதே ஒன்பதரைக்கு. அக்கம்பக்கத்துத் தோழிகள், அவர்களில் ஒருத்தி மலையாளி, இன்னொருத்தி அந்த ஊர்க்காரி, கூடி நின்று வளையல் அடுக்கியிருந்தார்கள். தாயார் கொண்டுவந்த வளையல் மத்தியானம் ஏறிற்று. "எப்போ போட்டா என்ன, அம்மா?" என்றாள் பெண். ஆனால் அவள் கண்கள் வேறு சொல்லின.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பெல்பாஸ்ட் அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. அதற்கும் இரண்டு விமான நிலையங்கள்! துறைமுகத்தை ஒட்டி, கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டின் பெயர் தாங்கியது ஒன்று. ஊருக்கு வடமேற்கே நாட்டுப்புறத்தில் இன்னொன்று. காரெடுத்துக் கிளம்பு முன் மாப்பிள்ளை, "எந்த ஏர்போர்ட்?" என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவருக்கு அநுபவம் இருந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம். ஹீத்ரோவுக்கும் காட்விக்குக்கும் இடையே படும் அவதி புதிதன்று. எலிசபெத் அரசியார் 1958-இல் காட்விக்கைத் திறந்துவைத்த நாள்முதல் லண்டனுக்கு இரு வாசல்கள். 1978-இல் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே ஹெலிகாப்டர் சர்வீஸ் ஒன்று தொடங்கினார்கள். 28 பேர் அமரக் கூடிய பெரிய ஹெலிகாப்டர். பதினைந்தே நிமிஷப் பயணம். நாங்கள் பஸ்ஸில் கழித்த காலத்தில் அது போய்த் திரும்பி மீண்டும் போயிருக்கும். கீழே குடியிருந்தவர்களோ ஓயாத இரைச்சலைத் தாங்க முடியாமல் முறையிட்டார்கள். வட்டச் சாலை வந்துவிட்டால் ஹெலிகாப்டர் எதற்கு என்ற வாதம் வலுத்து, 1986 பிப்ரவரியில் அது நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் எம்-25 சாலையின் வட்டம் முழுமை பெற்றது. மோட்டார்கள் பெருகின; சாலை நிரம்பியது. 2011-இல் இரண்டையும் அதிவேக ரயிலால் இணைத்து ஒரே நிலையம்போல் ஆக்கலாம் என்று ஒரு யோசனை பேசப்பட்டது. இரண்டு பெயரையும் ஒட்டி 'ஹீத்விக்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பெயர் மட்டுமே மிஞ்சியது.

இணைப்பை அலட்சியம் செய்த நகரம் என்ன ஆகும் என்பதற்குக் கானடாவின் மான்ட்ரியல் சாட்சி. அங்கே 1975-இல் மிராபெல் என்னுமிடத்தில் பிரம்மாண்டமான புதிய நிலையம் கட்டினார்கள். கிட்டத்தட்ட 97,000 ஏக்கர் நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தார்கள். பெரும்பகுதியைப் பின்னால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கடல் கடந்து வரும் விமானங்கள் மிராபெலில். உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வாலில். நடுவே ஓடவேண்டிய ரயில் வரவேயில்லை. மிராபெலில் இறங்கி டோர்வாலில் ஏற யாருக்குப் பொறுமை இருக்கும்? இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் டொரான்டோ வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள். 1997-இல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்பத் தொடங்கின. 2004-இல் மிராபெலின் கடைசிப் பயணி விமானமும் கிளம்பிப் போயிற்று. 2014-இல் அந்த மாளிகையை இடிக்கத் தொடங்கினார்கள். டோக்கியோவில் வேறுவிதம். ஹனெடாவில் ஏறி அமர்ந்தால், வண்டி மாறாமலே நகரத்தின் அடியில் புகுந்து நரிடாவில் கொண்டுவிடும் ரயில்கள் உண்டு. நேரம் ஒன்றரை மணிக்குக் குறையாது. ஆனாலும் உட்கார்ந்து போகலாம். வழியில் மோட்டார் நிற்காது.

இதையெல்லாம் மும்பைவாசிகளான நாம் ஏன் இவ்வளவு விரிவாகப் பேச வேண்டும்? நம் வீட்டு வாசலுக்கே அது வந்துவிட்டது. கோவாவில் 2023 ஜனவரி முதலே டாபோலிம், மோபா என்று இரண்டு. மும்பையிலோ 2025 அக்டோபர் 8-ஆம் தேதி நவி மும்பை நிலையம் திறந்துவைக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் பயணி விமானங்கள் பறக்கத் தொடங்கின. நெருலிலும் வாஷியிலும் பன்வேலிலும் உள்ள நம் குடும்பங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். விடியற்கால விமானத்துக்கு நடுநிசியில் கிளம்பி அந்தேரி வரை போன காலம் அவர்களுக்கு மலையேறிவிட்டது. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுகிறவர் கதை வேறு. உல்வேயிலிருந்து ஸஹார் வரை நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். வாஷி பாலம் வழியே செம்பூர், குர்லா என்று வரலாம். அல்லது 2024 ஜனவரியில் திறந்த, 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவில் கடலைக் கடக்கலாம். அது சிவ்டியில் கொண்டுவிடும், அதன்பின் நகரத்தின் பாதி நீளத்தை வடக்கே கடக்க வேண்டும். இரு நிலையங்களையும் இணைக்கும் மெட்ரோ வழி ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. ஜூலை மாதத்தில் சயானிலும் குர்லாவிலும் தண்ணீர் நிற்கும்போது நாற்பது கிலோமீட்டர் எத்தனை மணி நேரம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

டிக்கெட்டில் நகரத்தின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அதனருகே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று எழுத்தைப் பார்க்க வேண்டும். ஸஹார், சாந்தாகுரூஸுக்கு பி.ஓ.எம்.; நவி மும்பைக்கு என்.எம்.ஐ. இறங்கும் குறியும் ஏறும் குறியும் வேறுபட்டால், அடுத்த கேள்வி: ஒரு டிக்கெட்டா, இரண்டா? ஒரே டிக்கெட்டிலும் சில சமயம் நிலையம் மாறும்படி வரும். அப்போதும் பெட்டியை எடுப்பதும் வண்டிக்கூலி கொடுப்பதும் பெரும்பாலும் நம் பொறுப்பே, ஆனால் தவறவிட்டால் கேட்பதற்கு ஓர் இடமாவது உண்டு. இரண்டு டிக்கெட்டாக இருந்தால், நமது அபிப்பிராயத்தில், இடையில் ஒரு இரவு தங்க வேண்டும். ஐந்து மணி நேரம் போதாதா, ஆறு போதாதா என்று எங்களைக் கேட்கிறவர்கள் உண்டு. இளைஞர்களுக்குக் கைப்பை ஒன்றோடு போதும்; ஓடிவிடுவார்கள். முழங்கால் வலியுள்ள பெற்றோர்களுக்கு டிக்கெட் வாங்கும் பிள்ளைகள், அந்த 11,000 ரூபாயை மிச்சம் பிடிக்காமல் இருப்பதே மேல்.

திரும்பும் பயணத்துக்கு எங்கள் பெண்ணே பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வேறு வாங்கினாள். துறைமுகத்து நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்தபோது, அவற்றில் ஒட்டிய சீட்டில் ஹீத்ரோவுக்குக் கீழே பி.ஓ.எம். என்று அச்சாகியிருந்தது. என் மனைவி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தாள்.

சென்ற வாரம் பாலக்காட்டிலிருந்து அவளுடைய தமையனார் பேசினார். மஸ்கட்டிலுள்ள மகனிடம் ஜூலை மாதத்தில் போகிறாராம். கொச்சியிலிருந்து மும்பை வந்து, மும்பையிலிருந்து மஸ்கட், நடுவில் நாலு மணி நேரம், இரண்டு டிக்கெட். "எங்கே இறங்கறேள், எங்கே ஏறறேள்? அந்த மூணு எழுத்தைப் படிங்கோ" என்றாள் இவள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். வருவது என்.எம்.ஐ.; புறப்படுவது பி.ஓ.எம். "அண்ணா, வர டிக்கெட்டை முதல் நாளைக்கு மாத்திடுங்கோ. ராத்திரி இங்கே தங்கிட்டு, காலம்பர சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டாள். மாற்றிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது.